நானூறு படிகளில் ஓர் அலை

கரண்ட் போகிறது. மூலையில் இருக்கும் இன்வெர்ட்டர் 'டிக்' என்று மாறிக்கொள்கிறது. விளக்கு எரிகிறது, மின்விசிறி மட்டும் உறுமத் தொடங்குகிறது. கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "அது ஸ்கொயர் வேவ் சார், கொஞ்சம் கூடப் போட்டு சைன் வேவ் வாங்கியிருக்கணும்" என்பார். அவர் சொல்வது சரிதான். அந்தக் கூடுதல் காசு எதற்கு என்பதைத் தோண்டிக்கொண்டே போனால், ஆயிரம் மெகாவாட் மின்சாரத்தைக் கையாளும் நிலையங்கள் வரை போய்ச் சேரலாம்.

பேட்டரிக்குத் தெரிந்தது ஒரே ஒரு மின்னழுத்தம். அதை எடுத்து ஸ்விட்சுகள் வழியாக முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிக் கொடுத்தால், நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வரும் ஏசி கிடைத்துவிடும். ஆனால் அது மேலே ஒரு மேடை, கீழே ஒரு பள்ளம் என்று செங்குத்தாக வெட்டிய அலை. மின்வாரியம் தரும் அலையோ வளைந்து ஏறி, வளைந்து இறங்கும் சைன் அலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்காகச் சொல்லிக்கொடுத்தவர் பிரெஞ்சுக் கணிதர் ஃபூரியே. எப்படிப்பட்ட அலையும் பல சைன் அலைகளின் கூட்டல்தான் என்றார் அவர். சதுர அலையைப் பிரித்தால் 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்று கிடைக்கும். கூடவே அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் 150 ஹெர்ட்ஸ், ஐந்தில் ஒரு பங்கில் 250, ஏழில் ஒரு பங்கில் 350 என்று ஒரு பட்டாளமே வரும். மின்விசிறியைச் சுழற்றுவது அந்த 50 மட்டுமே. மற்றவை சுருளைச் சூடாக்கும், இரும்புத் தகடுகளை அதிர வைக்கும். உறுமல் அங்கிருந்து வருகிறது. பொறியாளர்கள் இந்த வேண்டாத கூட்டத்தை ஹார்மானிக்ஸ் என்பார்கள்.

வீட்டில் உறுமினால் பொறுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் புகளூரில் பொறுத்துக்கொள்ள முடியாது. புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு ±320 கிலோவோல்ட் டிசி இணைப்பு ஒன்று போகிறது. ஆயிரம் ஆயிரமாக இரண்டு பகுதிகள், மொத்தம் 2000 மெகாவாட். பவர்கிரிட் நிறுவனத்தின் இந்த இணைப்பு 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பெரும்பகுதி கோபுரங்களில் போகும் கம்பி. கேரளப் பக்கத்தில் கொஞ்ச தூரம் மண்ணுக்கடியில் கேபிள். திருச்சூரில் அந்த டிசியை மீண்டும் ஏசியாக்கித்தான் கேரளத்தின் மின்கட்டமைப்பில் சேர்க்க வேண்டும். அங்கே நிற்கும் கன்வெர்ட்டரும் ஒருவகையில் இன்வெர்ட்டர்தான், கட்டடம் அளவுக்கு. அது சதுர அலையைத் தள்ளினால் மாநிலம் முழுக்க மின்மாற்றிகள் உறுமும்.

பல ஆண்டுகளாக இதற்கிருந்த வழி, ஸ்விட்சை மிக வேகமாகத் தட்டுவது. ஒரு மில்லிசெகண்டில் முக்கால் பங்கு நேரம் மேல் மின்னழுத்தம், கால் பங்கு நேரம் கீழ் மின்னழுத்தம் கொடுத்தால், சராசரி உச்சத்தில் பாதியாக இருக்கும். இந்த விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனால் சராசரி ஒரு சைன் அலையாக நகரும். மோட்டாரின் சுருளுக்கு அவசரப்படத் தெரியாது. அதில் ஓடும் மின்னோட்டம் சராசரியைத்தான் பின்பற்றும். துடிப்பின் அகலத்தை மாற்றுவதால் இதற்கு பல்ஸ் விட்த் மாடுலேஷன், சுருக்கமாக பிடபிள்யூஎம். வேண்டிய சைன் அலையை ஒரு முக்கோண அலையோடு ஒப்பிட்டு, எது பெரியதோ அதற்கேற்ப ஸ்விட்சைத் தட்டும் முறையை 1964இல் பிரவுன் போவெரி நிறுவனத்தின் ஷோனுங், ஸ்டெம்லர் என்ற இருவர் எழுதினார்கள். இன்றும் பாடப்புத்தகத்தில் முதலில் வருவது அதுதான்.

இதைக் காதாலேயே கேட்கலாம். மெட்ரோ ரயில் நிலையத்தைவிட்டுக் கிளம்பும்போது வரும் அந்த ஏறும் ரீங்காரம், ஸ்விட்சுகள் தட்டும் வேகம் மோட்டாரில் ஒலியாக வருவதுதான். ஜப்பானின் கெய்க்யூ ரயில்வேயில் சீமென்ஸ் கன்வெர்ட்டர் பொருத்திய ரயில்கள் கிளம்பும்போது ஸ்விட்ச் வேகம் ஒரு இசைச்சுர வரிசையாகவே ஏறும்படி அமைத்திருந்தார்கள். 'டோ ரே மி ஃபா இன்வெர்ட்டர்' என்று அதற்குப் பெயரே உண்டு. 2021இல் அந்த வகைக் கடைசி ரயில் ஓய்ந்தபோது வழியனுப்ப ரசிகர்கள் திரண்டார்கள். ஓர் இன்வெர்ட்டருக்கு ரசிகர் மன்றம் ஜப்பானில்தான் சாத்தியம்.

பிரச்சினை, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கட்டணம் உண்டு என்பது. ஸ்விட்ச் என்று இங்கே சொல்வது ஐஜிபிடி எனும் குறைகடத்திச் சாதனத்தை. அது மூடிய நிலையிலிருந்து திறந்த நிலைக்குப் போகும் மைக்ரோசெகண்டுகளில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் அதன்மேல் இருக்கும். இரண்டின் பெருக்கல் வெப்பமாக வீணாகும். நொடிக்கு ஆயிரம் ஈராயிரம் முறை தட்டினால் அந்த வீண் கூடிக்கொண்டே போகும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு ஐஜிபிடி சில ஆயிரம் வோல்ட்தான் தாங்கும். இலட்சக்கணக்கான வோல்ட் தாங்க நூற்றுக்கணக்கானவற்றை வரிசையாகக் கோக்க வேண்டும், அத்தனையும் ஒரே கணத்தில் தட்ட வேண்டும். ஒன்று மட்டும் ஒரு மைக்ரோசெகண்ட் முந்தித் திறந்துவிட்டால் மொத்த மின்னழுத்தமும் அதன் தலையில் விழும். சுவீடனில் 1997இல் ஹெல்ஷோனில் 3 மெகாவாட் சோதனை இணைப்பும், 1999இல் காட்லாந்து தீவுக்கு 50 மெகாவாட் இணைப்பும் இந்த வழியில்தான் கட்டப்பட்டன. வேலை செய்தன. ஆனால் ஒரு முனையில் மட்டும் ஏறத்தாழ 3 சதவீதம் வெப்பமாகப் போனது. 1000 மெகாவாட்டுக்குக் கணக்கிட்டால் 30 மெகாவாட், ஒரு முனைக்கு மட்டும்.

இதற்கிடையில், வேறொரு யோசனை பல ஆண்டுகளாக ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. மேல், கீழ் என்று இரண்டே நிலைகள் எதற்கு? நடுவில் ஒன்று வைத்தால் என்ன? 1981இல் ஜப்பானின் நகாவோகா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அகிரா நபே, இசாவோ தகஹாஷி, ஹிரோஃபுமி அகாகி மூவரும் டிசி மின்னழுத்தத்தை இரண்டு மின்தேக்கிகளால் சரிபாதியாகப் பிரித்து, நடுப்புள்ளியை டயோடுகள் வழியாக வெளியீட்டோடு இணைத்துக் காட்டினார்கள். இப்போது வெளியீட்டுக்கு மேல், நடு, கீழ் என்று மூன்று நிலைகள். ஒவ்வொரு தாவலும் பாதி உயரம்தான். ஒவ்வொரு ஸ்விட்சும் தாங்க வேண்டியதும் பாதிதான். இந்த மூன்றுநிலை அமைப்பு புல்லட் ரயில்களிலும் ஆலைகளின் பெரிய மோட்டார்களிலும் இடம்பிடித்துவிட்டது.

மூன்று சரி. ஐந்து? ஒன்பது? அங்கே டயோடுகள் மறுத்தன. ஒரே அளவு தாங்கும் டயோடுகளையே பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டால், நிலைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, அதை இரண்டு குறைத்ததோடு பெருக்கினால் வருவதே மும்முனை மின்சாரத்தின் ஒரு ஃபேஸுக்குத் தேவையான டயோடுகள். மூன்று நிலைக்கு 2, ஐந்து நிலைக்கு 12. திருச்சூர் போன்ற இடத்துக்கு வேண்டிய 401 நிலைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 1,59,600. யாரும் கட்டப்போவதில்லை. பிரான்சில் மெய்னார், ஃபோஷ் இருவரும் 1992இல் டயோடுகளுக்குப் பதில் மின்தேக்கிகளை மிதக்கவிடும் வழி ஒன்றைக் காட்டினார்கள். அதுவும் சில நிலைகளுக்கு மேல் கனத்துவிடும்.

கதவைத் திறந்தது 2001இல், மியூனிக்கில் ஜெர்மன் ராணுவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரைனர் மார்க்வார்ட் பதிவுசெய்த காப்புரிமை. அவர் செய்ததைச் சொல்லிவிட்டால், "இவ்வளவுதானா?" என்று தோன்றும். இரண்டு ஐஜிபிடிகள், ஒரு மின்தேக்கி. இதுதான் ஒரு மாட்யூல். மேல் ஐஜிபிடியை இயக்கினால் மின்னோட்டம் மின்தேக்கி வழியாகப் போகும். வெளியே மின்தேக்கியின் மின்னழுத்தம், சுமார் 1600 வோல்ட், தெரியும். கீழ் ஐஜிபிடியை இயக்கினால் மின்னோட்டம் மின்தேக்கியைத் தொடாமல் தாண்டிப் போய்விடும், வெளியே பூஜ்யம். சேர், விலகு. இந்த இரண்டைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. இப்படிப்பட்ட மாட்யூல்களை நூற்றுக்கணக்கில் வரிசையாகக் கோத்தால் ஒரு கை. ஒரு ஃபேஸுக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. மூன்று ஃபேஸுக்கு ஆறு கைகள்.

இந்த வகையின் முதல் வணிக இணைப்பு 2010இல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் அடியில் ஓடியது: டிரான்ஸ் பே கேபிள், 400 மெகாவாட், ±200 கிலோவோல்ட், 85 கிலோமீட்டர். 2015இல் பிரான்சையும் ஸ்பெயினையும் பிரனீஸ் மலையினூடே சுரங்கப்பாதையில் இணைத்த இனெல்ஃபே இணைப்பு, புகளூரைப் போலவே ±320 கிலோவோல்ட்டில் இரண்டு ஆயிரம் மெகாவாட் பகுதிகள் கொண்டது. அதில் ஒரு கைக்கு 400 மாட்யூல்கள். இரண்டு டிசி கம்பிகளுக்கும் இடையே 640 கிலோவோல்ட். நானூறால் வகுத்தால் ஒன்றுக்கு 1.6 கிலோவோல்ட். இந்த எண்களையே கையில் வைத்துக்கொண்டு உள்ளே போவோம்.

எந்தக் கணத்திலும் மேல் கையிலும் கீழ் கையிலும் சேர்ந்து 400 மாட்யூல்கள் இணைந்திருக்கும். இருநூறு இருநூறாக இருந்தால் வெளியீடு பூஜ்யம். மேலே ஒன்று விலகிக் கீழே ஒன்று சேர்ந்தால் வெளியீடு 1.6 கிலோவோல்ட் ஏறும். மேலே 12, கீழே 388 என்றால் 300 கிலோவோல்ட்டைத் தாண்டி உச்சியை எட்டிவிட்டோம் என்று பொருள். சைன் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில்தான் மிகவும் செங்குத்தாக ஏறும். 300 கிலோவோல்ட் உச்சமுள்ள 50 ஹெர்ட்ஸ் அலை அங்கே மில்லிசெகண்டுக்கு 94 கிலோவோல்ட் ஏறுகிறது. அப்படியானால் 17 மைக்ரோசெகண்டுக்கு ஒரு படி. உச்சிக்குப் போனால் தலைகீழ்: கிட்டத்தட்ட அரை மில்லிசெகண்ட் ஒரே படியில் நின்றுவிடும். எந்தக் கணத்திலும் உண்மையான சைன் அலைக்கும் இந்தப் படிக்கட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதிகபட்சம் அரைப்படி, 0.8 கிலோவோல்ட். முந்நூறில் அது 0.3 சதவீதத்துக்கும் கீழ். ஹார்மானிக்ஸ் வடிகட்டிகளுக்கென்று பெரிய முற்றம் ஒதுக்கிய காலம் இதோடு போய்விட்டது.

இதில் மாடுலேஷன் எங்கே என்று கேட்டால், வெட்கப்படும் அளவுக்கு எளிது. இப்போது வேண்டிய மின்னழுத்தத்தை 1.6ஆல் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணை எடு. அத்தனை மாட்யூலைச் சேர். முடிந்தது. முக்கோண அலையும் இல்லை, ஒப்பீடும் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளையால் இந்தக் கணக்கைப் போட முடியும்.

எத்தனை என்பது எளிது. எது எது என்பதுதான் கடினம்.

மாட்யூலுக்குள் இருப்பது பேட்டரி இல்லை, மின்தேக்கி. சேர்ந்திருக்கும் நேரமெல்லாம் அதன் வழியாகக் கையின் மின்னோட்டம் ஓடுகிறது. ஒரு திசையில் ஓடினால் அது நிரம்பும், மறுதிசையில் ஓடினால் வடியும். 10 மில்லிஃபாரட் மின்தேக்கியில் 1000 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மில்லிசெகண்டுக்கு 100 வோல்ட் மாறும். ஐந்து மில்லிசெகண்டில் 500 வோல்ட். 1600இல் இருக்க வேண்டியது 2100க்குப் போனால் ஐஜிபிடி ஆபத்தில் நிற்கும். 1100க்குப் போனால் படியின் உயரம் பொய்யாகிவிடும். மொத்தக் கன்வெர்ட்டரிலும் உள்ள 2400 மின்தேக்கிகளின் இருப்பையும் கூட்டினால் சுமார் 30 மெகாஜூல் வரும். கேட்கப் பெரிதாக இருக்கும். 1000 மெகாவாட்டுக்கு அது 30 மில்லிசெகண்ட் சோறு. ஏசியின் ஒன்றரைச் சுற்று. அதற்குள் வாங்கியதைக் கொடுத்து, கொடுத்ததை வாங்கிச் சரிக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கோயில் உற்சவத்தில் சீர்பாதந்தாங்கிகளைக் கவனித்தவர்களுக்கு இந்த வேலை புரியும். சாமி தோளில் ஏறிவிட்டால் எத்தனை தோள் வேண்டும் என்பது நிர்ணயம். அதில் யார் களைத்துவிட்டார், யார் இப்போதுதான் இளநீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று பார்த்து, பல்லக்கு சாயாமல் ஆள் மாற்றிக்கொண்டே போவதுதான் சாமர்த்தியம். வீதியில் நிற்பவர்களுக்குச் சாமி ஆடி அசைந்து வருவது மட்டுமே தெரியும்.

கன்வெர்ட்டர் இதைச் செய்யும் விதம்: ஒவ்வொரு மாட்யூலும் தன் மின்தேக்கியின் மின்னழுத்தத்தைக் கண்ணாடி இழை வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். கண்ணாடி இழை ஏனென்றால், இலட்சக்கணக்கான வோல்ட்டில் மிதக்கும் ஒரு பெட்டியிலிருந்து தரையில் இருக்கும் கணினிக்குச் செப்புக் கம்பி இழுக்க முடியாது. கணினி நானூறு எண்களையும் வரிசைப்படுத்தும். மின்னோட்டம் நிரப்பும் திசையில் ஓடினால் காலியாக இருப்பவற்றைச் சேர்க்கும். வடிக்கும் திசையில் ஓடினால் நிரம்பியவற்றைச் சேர்க்கும். ஏறத்தாழ நூறு மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை, ஆறு கைகளுக்கும்.

இதை அப்படியே நிரலாக எழுதினால் ஒரு வேடிக்கை நடக்கும். ஒவ்வொரு முறை வரிசைப்படுத்தும்போதும் பட்டியல் சற்றே மாறும். 1601 வோல்ட்டில் இருப்பது வெளியே, 1600இல் இருப்பது உள்ளே என்று அற்ப வித்தியாசத்துக்கெல்லாம் ஸ்விட்சுகள் தட்டிக்கொண்டே இருக்கும். வெப்பத்தைக் குறைக்கத்தானே இத்தனை பாடும்? அதனால் கணினிக்குக் கொஞ்சம் சோம்பேறித்தனம் கற்றுக்கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவை உள்ளேயே இருக்கட்டும். படி ஏற வேண்டும் என்றால் மட்டும் பட்டியலிலிருந்து ஒன்றை எடு. யாராவது வரம்பைத் தாண்டினால் மட்டும் ஆளை மாற்று. எவ்வளவு தாண்டினால் என்பதுதான் பொறியாளரின் கையில் உள்ள திருகாணி. இறுக்கினால் மின்தேக்கிகள் ஒழுங்காக இருக்கும், ஐஜிபிடி சூடாகும். தளர்த்தினால் நேரெதிர். நல்ல அமைப்பில் ஒரு ஐஜிபிடி நொடிக்கு நூற்றுச் சொச்சம் முறைதான் தட்டுகிறது. பழைய முறையில் ஆயிரத்தைத் தாண்டியது. ஒரு முனையின் இழப்பு மூன்றிலிருந்து ஏறத்தாழ ஒரு சதவீதத்துக்கு வந்தது இதனால்தான்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் இது: முழுக்கன்வெர்ட்டரும் நொடிக்குப் பல்லாயிரம் படிகள் ஏறி இறங்குகிறது, ஆனால் உள்ளே எந்தத் தனி ஸ்விட்சும் அவசரப்படவில்லை.

நானூறு படி எல்லோருக்கும் கிடைக்காது. ஆலையின் மோட்டாருக்கு ஐந்தோ ஏழோ ஒன்பதோதான். அங்கே அரைப்படித் தவறு பெரிய தவறு, அதனால் மாடுலேஷனில் புத்தி அதிகம் செலவாகிறது. ஒரு வழி, ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனித்தனி முக்கோண அலை கொடுத்து, அவற்றைச் சம இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவைப்பது. பத்து மாட்யூல்கள் தலா 500 ஹெர்ட்ஸில் தட்டினால் வெளியே தெரிவது 5000 ஹெர்ட்ஸ் தட்டு. இடைப்பட்டவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இன்னொரு வழி 1973இல் படேல், ஹாஃப்ட் இருவரும் காட்டியது: எந்தக் கோணத்தில் தட்டினால் ஐந்தாவது ஹார்மானிக் பூஜ்யமாகும், ஏழாவது பூஜ்யமாகும் என்று சமன்பாடு எழுதி முன்கூட்டியே தீர்த்து, அந்தக் கோணங்களை அட்டவணையாகச் சேமித்துக்கொள்வது. ஸ்விட்ச் மிகக் குறைவாகத் தட்டும். ஆனால் அந்தச் சமன்பாடுகள் லேசில் மசிபவை அல்ல. சில அளவுகளுக்குத் தீர்வே இருக்காது.

மூன்றாவது வழி வடிவியல். மூன்று ஃபேஸ்களின் நிலையையும் சேர்த்து ஒரு தளத்தில் ஒரு புள்ளியாகக் குறித்தால், இரண்டுநிலை இன்வெர்ட்டர் ஓர் அறுகோணத்தைத் தரும். மூன்று நிலைக்கு 27 கூட்டமைப்புகள். ஆனால் புள்ளிகள் 19தான், சில புள்ளிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருப்பதால். அந்த உபரி வழிகள்தான் வரப்பிரசாதம். வெளியீடு மாறாமல், உள்ளே மின்தேக்கிகளைச் சமன்செய்ய எந்த வழி வசதியோ அதைப் பிடித்துக்கொள்ளலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கே. கோபகுமாரின் குழு இந்த அறுகோணத்தையே விட்டுவிட்டுப் பன்னிரண்டு பக்கமுள்ள பலகோணத்தில் புள்ளிகள் விழும்படி இன்வெர்ட்டர்களை அமைத்துக்காட்டியது. மோட்டாரை அதிரவைக்கும் ஐந்தாவது, ஏழாவது ஹார்மானிக்ஸ் அதில் எழும்பவே எழும்பாது. வடிவம் வட்டத்தை நெருங்கினால் தொல்லை குறையும் என்ற உள்ளுணர்வு கணக்காகவே நிரூபணமாகிறது. 401 நிலைக்கு இந்த வழியை முயன்றால் கூட்டமைப்புகள் ஆறு கோடியைத் தாண்டும். அதனால்தான் அங்கே அருகிலுள்ள முழு எண்ணே போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

நம்மூர் முதுநிலைப் பொறியியல் மாணவர்களின் ஆய்வேடுகளில் 'குறைந்த ஸ்விட்சுகளுடன் பதினைந்துநிலை இன்வெர்ட்டர்' ஒரு வற்றாத தலைப்பு. ஸ்விட்ச் எண்ணிக்கையைக் குறைப்பதில் அத்தனை ஆர்வம். ஆனால் பெரிய நிலையங்கள் போனது எதிர்த்திசையில்: ஸ்விட்சுகளை ஆயிரக்கணக்கில் பெருக்கி, எல்லாவற்றையும் ஒரே மாதிரிச் செய்து, புத்தியை மென்பொருளில் வைத்தார்கள். ஒரே மாதிரி இருந்தால்தான் ஒன்று போனால் இன்னொன்று நிற்கும். ஒரு மாட்யூல் பழுதானால் ஒரு விரைவு ஸ்விட்ச் அதைக் குறுக்கே இணைத்து வரிசையிலிருந்து நிரந்தரமாக விலக்கிவிடும். முன்னெச்சரிக்கையாகச் சேர்த்துவைத்த உபரிகளில் ஒன்று அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். மின்சாரம் போகாது. பழுதானதை அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் மாற்றிக்கொள்வார்கள்.

மின்தேக்கிகளைச் சமன்செய்தாலும் ஒரு பூதம் மிஞ்சும். மூன்று ஃபேஸ்களின் கைகளும் ஒரே டிசி கம்பிகளுக்கிடையே இணையாக நிற்கின்றன. ஒவ்வொரு ஃபேஸிலும் மின்தேக்கிகள் நிரம்பி வடிவதால் அதன் மொத்த மின்னழுத்தம் நொடிக்கு நூறு முறை லேசாக ஏறி இறங்கும். மூன்றும் வெவ்வேறு கணங்களில். விளைவாக ஒரு ஃபேஸிலிருந்து இன்னொன்றுக்கு 100 ஹெர்ட்ஸில் ஒரு மின்னோட்டம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். வெளியே ஏசியிலும் தெரியாது, டிசியிலும் தெரியாது. கைகளைச் சூடாக்குவது மட்டுமே அதன் வேலை. ஒவ்வொரு கையிலும் ஒரு சுருளை வைத்து அதை மட்டுப்படுத்துவார்கள். மீதியை மாடுலேஷனிலேயே ஒரு சிறு எதிர் அலையைக் கலந்து அடக்குவார்கள். சுவாரஸ்யம் என்னவென்றால், இந்தப் பூதத்தை முழுக்க விரட்டாமல் சரியான அளவில் விட்டுவைத்தால் மின்தேக்கிகளின் ஏற்ற இறக்கம் குறையும் என்றும் கண்டிருக்கிறார்கள். அப்போது மின்தேக்கியைச் சிறிதாக்கலாம். மாட்யூலில் அதிக இடத்தை அடைப்பதே மின்தேக்கிதான் என்பதால் இது சின்ன லாபமில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே, எவ்வளவு மின்சாரம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. அதன் அடிப்படை 1929இல் ராபர்ட் பார்க் தந்த உருமாற்றம். அலையோடு சேர்ந்து சுழலும் ஓர் அச்சில் நாமும் ஏறிக்கொண்டால், சுழலும் மின்னோட்டம் அசையாத இரண்டு எண்களாகத் தெரியும். ஒன்றை மாற்றினால் அனுப்பும் திறன் மாறும். மற்றதை மாற்றினால் கட்டமைப்பின் மின்னழுத்தத்தைத் தாங்கும் எதிர்வினைத் திறன் மாறும். இரண்டையும் தனித்தனியே திருகலாம். புகளூரில் இதே வளாகத்தில் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து ±800 கிலோவோல்ட்டில் 6000 மெகாவாட் வந்து இறங்கும் இன்னொரு டிசி இணைப்பும் இருக்கிறது. அது தைரிஸ்டர் வகை. தைரிஸ்டரை இயக்கலாம், ஆனால் அதை நாமாக நிறுத்த முடியாது. கட்டமைப்பின் ஏசி அலை வந்துதான் நிறுத்த வேண்டும். கட்டமைப்பு தள்ளாடினால் அதுவும் தள்ளாடும். மாட்யூல் வகை இருட்டில் கிடக்கும் கட்டமைப்பிலும் தானே அலையை உருவாக்கி எழுப்பிவிடும்.

இவ்வளவு மென்பொருள் இருந்தால் மென்பொருளின் வியாதிகளும் வரும். அளந்து, கண்ணாடி இழையில் அனுப்பி, வரிசைப்படுத்தி, கட்டளை திரும்பி வர சில நூறு மைக்ரோசெகண்ட் ஆகிறது. 50 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டிய அதிர்வுக்கு அது கால் சுற்று, அரைச் சுற்று. அடக்க வேண்டிய கட்டளை தாமதமாக வந்து ஊக்கிவிடும். 2017இல் சீனாவின் லூஷி நிலையத்தில், அருகிலிருந்த ஏசி கம்பிகளின் அமைப்பு மாறிய நேரத்தில், 1270 ஹெர்ட்ஸை ஒட்டி ஓர் ஊசலாட்டம் எழுந்தது. இரும்பும் செம்பும் சரியாகவே இருந்தன. கணக்கின் தாமதம்தான் காரணம். அதற்குப் பிறகு இந்தத் தாமதத்தைக் குறைப்பதும், அதன் விளைவை வடிகட்டுவதும் ஒரு தனித் துறையாகவே ஆகிவிட்டன.

இன்னும் தீராத ஒரு வழக்கு, டிசி கம்பியில் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டால் என்ன செய்வது என்பது. இரண்டு ஐஜிபிடி கொண்ட மாட்யூலில் ஐஜிபிடிகளை எல்லாம் நிறுத்தினாலும், அவற்றோடு இணைந்த டயோடுகள் வழியாக ஏசி பக்கத்திலிருந்து மின்னோட்டம் பழுதுக்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். ஏசி பிரேக்கர் திறக்கும் வரை ஒன்றும் செய்ய முடியாது. மண்ணுக்கடியில் கேபிள் என்றால் பழுது அரிது. கோபுரக் கம்பி என்றால் இடி விழும், மரக்கிளை உரசும். மாட்யூலுக்கு நான்கு ஐஜிபிடி வைத்தால் மின்தேக்கியைத் தலைகீழாகவும் சேர்க்கலாம். எதிர் மின்னழுத்தம் கொடுத்துப் பழுது மின்னோட்டத்தைச் சில மில்லிசெகண்டில் கொன்றுவிடலாம். ஜெர்மனியின் அல்ட்ராநெட் திட்டம் அதைத்தான் தேர்ந்தது. விலை, எப்போதும் இரண்டு மடங்கு சாதனங்கள் வழியாக மின்னோட்டம் போவதும் அதன் கூடுதல் வெப்பமும். ஆண்டுக்குச் சில முறை வரும் இடிக்காக ஆண்டு முழுக்கக் கட்டணம் கட்டுவதா என்று பொறியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 2020 இறுதியில் இயங்கத் தொடங்கிய சீனாவின் குன்லியூலாங் இணைப்பு, ±800 கிலோவோல்ட், 8000 மெகாவாட், நடுவழியைப் பிடித்தது: அனுப்பும் முனையில் தைரிஸ்டர், வாங்கும் முனைகளில் மாட்யூல்கள், அந்தக் கைகளிலும் இருவகை மாட்யூல்கள் கலந்து. காசு மிச்சம். ஆனால் கை எதிர் மின்னழுத்தம் கொடுக்க வேண்டிய நேரத்தில் நான்கு ஐஜிபிடி மாட்யூல்கள் மட்டுமே வேலை செய்ய முடியும். மற்றவை சும்மா நிற்கும், அவற்றின் மின்தேக்கிகள் அந்த நேரத்தில் நிரம்பவும் செய்யாது, வடியவும் செய்யாது. இரண்டு வகையையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தினால் கணக்கு தவறிவிடும். எனவே அந்தக் கைகளில் எதைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு முன்னால், எந்த வகையில் எத்தனை என்ற இன்னொரு கேள்வியும் ஒவ்வொரு நூறு மைக்ரோசெகண்டும் கேட்கப்படுகிறது.